பாட்டுக்காரனின் வேண்டுதல்

“முடியைத் திருப்பதியில குடுத்துட்டா, அப்புறம் நான் எப்படிப்பா பொழைக்கிறது?”

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகும் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இப்படி ஒரு குரல் கேட்டது. கூச்சத்தோடு லேசாகத் திரும்பினேன். தோள்வரை முடி தொங்கும் ஒரு வாலிபன். பக்கத்தில் அவன் சிநேகிதன், மடியில் டிரம்.

“யாரு குடுக்கச் சொன்னது?”

“பொண்ணோட அப்பாதான். பொண்ணு பாக்கப் போனப்போ, ‘என்னா தம்பி இவ்ளோ முடி, வேண்டுதலா?’ன்னாரு. நானும் ஆமான்னுட்டேன்.”

“வெள்ளைக்காரன் மாதிரி கிடார மாட்டிக்கினு, தலைய ஆட்டிக் கத்தி, ஜனங்கள சிரிக்க வைக்கிறேன்னு சொல்றதுதானே?”

“சொன்னா பொண்ணு குடுப்பாரா? நல்ல பொண்ணுப்பா. இப்போ கல்யாணத்துக்கு முன்னாடி மொட்டை போட்டாகணுமாம். அவரே கூட வராராம்.”

“டோப்பா வெச்சுக்கடா.”

“நான் ஆட்ற ஆட்டத்துல அது பறந்து போயிடும்.”

“பறந்தா இன்னும் சிரிப்பாங்க. ஆனா ஒண்ணு, பெருமாள் பேரச் சொல்லிட்ட. இனிமே ஏமாத்த முடியாது.”

வாலிபன் தன் முடியைக் கோதிக்கொண்டான்.

“குடுக்கறதுதான் குடுக்கறேன், சும்மா எதுக்குக் குடுக்கணும்? நெசமாவே ஒண்ணு வேண்டிக்கிறேன்.”

“என்னான்னு?”

“மாமனாரு ஒரு கச்சேரிக்கும் வந்துடக் கூடாதுன்னு.”

டிரம்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். இவன் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பி, பயபக்தியோடு வேண்டிக்கொண்டிருந்தான்.