நாலு முளைக்குச்சி

இல்ல தாசில்தார் சாமி, சுத்தி வளைக்கல. அந்தப் பலூச்சிக்காரங்க குடுத்த மனுவுல இன்னா கேட்டுக்கீறாங்க, எங்க முளைக்குச்சிய யாரு புடுங்கினான்னு. அத்த சொல்லணும்னா அவங்க கம்பளம் எப்டி நெய்வாங்கன்னு மொதல்ல நீங்க தெரிஞ்சிக்கணும். தெரியாம எழுதிட்டீங்கன்னா நம்ம செயின்மேன் சின்னசாமிக்கு வேல பூடும். உங்க சர்வேயர் பின்னால சங்கிலிய இஸ்துக்கினு ஓடறதத் தவிர அவனுக்கு வேற பொழப்பு கெடையாது.

நாற்காலி வேணாம் சாமி, நிக்கறேன்.

அவங்க கத்தி, கத்திரி, மூக்குக்கண்ணாடி வித்துக்கினு ஊரூரா போறவங்க. பலமனேரு, புத்தலப்பட்டு எல்லாம் சுத்திட்டு நம்ம ஏரிக்கரையில வந்து கூடாரம் போட்டு நாலு மாசமாவுது. எந்தூருன்னு கேட்டா மேக்கால கைய காட்டுவாங்க. நாடு ரெண்டா ஆனப்போ இந்தப் பக்கமே நின்னுட்டாங்களாம். கோடு போட்டா இன்னா ஆவும்னு நம்மள விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

அதுல ஜர்பீபின்னு ஒரு அம்மா. அதுதான் நெய்யறது. நகரியில குழி தோண்டி தறி போட்டுக்கீறாங்களே, அதுமாதிரி இல்ல. தரையில நாலு முளை, ரெண்டு கட்டை, நடுவுல நூல விறைப்பா இஸ்து கட்டிடும். நெய்ஞ்ச வரைக்கும் மேலயே குந்திக்கினு ஒவ்வொரு முடிச்சா போட்டுக்கினே வரும். கருஞ்செவப்பு, கருநீலம். நடுவுல ஒட்டக மயிரு, சாயமே போடாதது, அதுல ஒரு மரம். தலமாட்டுல ரெண்டு மூலையிலயும் ஒவ்வொரு கட்டம், தொழுவும்போது கைய வெக்கறதுக்கு. பொண்ணுக்கு நிக்கா வெச்சிருந்திச்சி, அதுக்கு சீரா குடுக்கத்தான்.

நல்லா கேட்டீங்க. ஊரு மாறும்போது கெடாது சாமி. நூலு கலையாம குச்சி சொருவி கட்டிட்டு, அப்பாலதான் முளைய புடுங்கும். பாய் மாதிரி சுருட்டி கழுத மேல போட்டுக்கினு பூடும். அடுத்த ஊருல மறுபடி அடிக்கும். அதனால ஒரு எடத்துல அகலம், ஒரு எடத்துல ஒடுக்கம். இன்னாம்மா கோணலா கீதேன்னு நானே ஒருதபா கேட்டேன். சிரிச்சிக்கினே இது பலமனேரு, இது புத்தலப்பட்டுன்னு வெரல வெச்சி காட்டிச்சி.

தோ வந்துட்டேன். திங்கக்கெழம சாயங்காலம் தூறல். கம்பளத்து மேல கருப்புப் படுதாவ மூடிட்டு அது கூடாரத்துக்குள்ள பூட்ச்சி. வெளிய தெரிஞ்சது நாலு முளைதான். கண்ணு படக்கூடாதுன்னு நாலுலயும் செவப்புக் கம்பளி நூல கட்டி வெச்சிருந்திச்சி. உங்க சர்வேயரு அவரு முளையில இன்னா கட்டுவாரு? செவப்புத் துணி. ஆங்.

முளை அடிக்கறதும் புடுங்கறதும் சின்னசாமி வேலன்னு அவன வெளிய நிறுத்தி வெச்சிட்டீங்க. அவன் அடிச்ச முளை அவனுக்குத் தெரியாதா சாமி? தெரியாதவன்தான் புடுங்குவான். மெட்ராசுக்கும் ஆந்திராவுக்கும் நடுவுல உங்க சர்வேயரு போடற கோடு ஏரிக்கரை மேலதான் போவுதுன்னு ஊரெல்லாம் பேச்சு. அப்டி போனா ஒருத்தன் வூடு மெட்ராசு, அவன் கெணறு ஆந்திரா. நைனா கடப்பாறை புடிச்சி வெட்டின கெணறு. இனிமே தண்ணி எறைக்க எந்த கலெக்டர கேக்கறது? அந்த பயத்துலயே விடியறதுக்குள்ள எழுந்து போறான். செவப்பு தெரிது. நாலையும் புடுங்கிட்டான். படுதாவ தூக்கிப் பாத்திருக்கலாம். பாக்கல.

நூலு தளந்து பூட்ச்சி. ஆட்டுக்குட்டிங்க படுதாவுக்குள்ள பூந்து மிதிச்சி, துன்னு, பாக்கி இருந்த நூல எல்லாம் சிக்காக்கிடிச்சிங்க. இன்னும் ஒரு சாண்தான் சாமி நெய்ய வேண்டியிருந்திச்சி. அந்தம்மா கத்தல. குந்திக்கினு ஒவ்வொரு நூலா பிரிச்சிக்கினே இருந்திச்சி. கத்தியிருந்தா தேவலாம்.

முளைங்களா? தேடாதீங்க. கெடைக்காது. வெந்நீர் அடுப்புல எரிஞ்சி பூட்ச்சி.

எங்க வூட்டு அடுப்புதான் சாமி, கெணத்தாண்ட கீது. எம் பொண்சாதி யசோதாவுக்கு ஒண்ணும் தெரியாது. வெறகுன்னு நெனச்சி வெச்சிட்டா. நானும் சும்மா இருந்துட்டேன்.

அந்நேரத்துக்கு எங்க கெணத்துல தண்ணி மொள்ள ஜர்பீபி வந்திச்சி. மூணு எரிஞ்சி பூட்ச்சி, ஒண்ணு பாதி எரிஞ்சிக்கினு கீது, நுனியில செவப்பு நூலோட. அத்த வெளிய இஸ்திச்சி. மொண்டு வெச்சிருந்த தண்ணிய ஊத்தி அணைச்சிது. முக்காட்டுத் துணியில சுத்திக்கினு என்ன ஒருதபா பாத்திச்சி. பூட்ச்சி.

நேத்து நீங்க கேட்டதுக்கு யாருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டிச்சாமே. என் மேல இருக்கற பிரியத்துல இல்ல சாமி. கொடத்த எடுத்துக்கினு இன்னைக்கும் எங்க கெணத்துக்குத்தான வரணும். அதான். இதுக்கு பயந்துக்கினு அது பொய் சொல்லுதேன்னு எனக்கு நேத்துலருந்து சோறு எறங்கல. கேவலமா கீது.

எழுதிக்கோங்க. எம் பேரு வேதாச்சலம். சின்னசாமிய வூட்டுக்கு அனுப்பிடுங்க, அவன் காலைலருந்து வெயில்ல நிக்கறான்.

மைப்பொட்டி வேணாம் சாமி, கையெழுத்தே போடுவேன். தெலுங்குலதான் போட வரும். பரவால்லயா?