சித்தேரிப் பரியம்

சேலம் ஜில்லா முழுவதிலும் கலியாணச் சந்தைக்கு வெளியே நிற்கும் ஒரே ஆண்மகன் நான்தான் என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆராய்ந்து கண்ட முடிவு. கல்லூரி விடுதியில் நான் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் இதைத் தலையங்கமாகவே போட்டேன். பட்டணத்தில் பி.ஏ. மாப்பிள்ளையை ஏலம் விடுகிறார்கள். மலையில் பெண்ணுக்குப் பரியம் கொடுத்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மாட்டுச் சந்தையிலாவது துண்டுக்கடியில் விரலைப் பிடித்து, நாலு பேருக்குத் தெரியாமல் மரியாதையாக விலை பேசுகிறார்கள். நான் யாரையும் வாங்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன் என்று முடித்திருந்தேன். விடுதியில் பாயசம் போட்ட நாளில்கூட அவ்வளவு கைதட்டல் கேட்டதில்லை.

செல்லி எங்கே என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். எழுதுகிறவருக்குச் சிரமம் இருக்காது.

என் பெயர் நஞ்சப்பன். அரூரில் புளி மண்டி வைத்திருக்கும் பச்சியப்பன் மகன். போன வருஷம் வருமான வரி அதிகாரியாக நீங்கள் எங்கள் மண்டிக்கு வந்து, புளி மூட்டைகளின் மேல் ஏறி நின்று எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அப்பா வேர்த்துக்கொண்டு நின்றார். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஐயா, எங்கப்பா புளிதான் விக்கறாரு. ரெண்டு தெரு தள்ளிக் கிருஷ்ணப்பன் மாடி வூடு கட்டியிருக்காரே, அவரு மனுசரையே விக்கறாரு. அங்க மூட்டை எண்ண ஆளு போவலீங்களா?" என்றேன்.

அது நகைச்சுவை, ஐயா. என் நகைச்சுவையைக் கேட்டுச் சிரிக்காமல் யோசித்த முதல் மனிதர் நீங்கள். மூட்டையிலிருந்து இறங்கி, "அவருக்கு என்ன தொழில்னு காட்டியிருக்கார்?" என்று கேட்டீர்கள். "கேழ்வரகு வியாபாரம்" என்றார் உங்கள் குமாஸ்தா.

கிருஷ்ணப்பனின் கேழ்வரகு எது என்று அரூரில் எல்லோருக்கும் தெரியும். மழை பொய்த்த வருஷங்களில் மலைக்குப் போவான். பெண்ணின் அப்பனுக்கு ஊர்க் கவுண்டர் முன்னால் பரியம் வைப்பான். வெற்றிலை மாற்றுவான். பெண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்கி, பெங்களூர் தண்டில், பட்டாள முகாமுக்குப் பக்கத்தில் அவன் வைத்திருந்த வீட்டில் விட்டுவிடுவான். யுத்தம் வந்து பட்டாளம் பெருகியதும் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டையும் பிடித்தான். போலீசார் இரண்டு முறை வந்தார்கள். "எம் பொண்டாட்டிங்க சாமி. பரியம் வெச்சுக் கட்டுனது. அவங்கப்பனையே கேளுங்க" என்றான். அப்பன்மார்களும் ஆமாம் என்றார்கள். வாங்கியது உண்மைதானே. இன்ஸ்பெக்டர், "இத்தனை சம்சாரத்தை எப்படிடா சமாளிக்கற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் அவன் பொண்டாட்டிகளைப் பற்றிக் கேட்கவில்லை. மாடி வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். "சட்டத்துக்கு வருமானம் எந்த வழியா வந்ததுங்கறது ரெண்டாம் பட்சம் தம்பி. வந்ததா, மறைச்சானா, அவ்வளவுதான். பொய்க் கணக்குக் காட்டினா கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்த வீட்டுக்குள்ள இருந்த ஒருத்தி வந்து உள்ளதைச் சொன்னாப் போதும்" என்றீர்கள். கொலைகாரனைச் சந்தை வரி கட்டவில்லை என்று பிடிப்பதுபோல இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஒருத்தியைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை.

சித்தேரியில் மல்லையன் மகள் செல்லி, அந்த வீட்டிலிருந்து தப்பி மலைக்கு வந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். நான் போனபோது சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நிமிராமலே கேட்டாள்.

"சொல்லிப்போட்டு நான் எங்கீங்க போறது? எங்கப்பன் வாங்குன பரியத்தெ இன்னும் திருப்பலே. திருப்பற மட்டும் நான் அவன் பொண்டாட்டிதானுங்க. எப்ப வேணா வந்து கையெப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போவான். ஊரு கேக்காது."

"பரியத்தைத் திருப்பிட்டா?"

"அப்புறம் அவன் யாரு, நான் யாருங்க? எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

மல்லையனிடம் திருப்புவதற்கு இரண்டு ஆடுகள்கூட இல்லை. என்னிடம் பரீட்சைக் கட்டணம் இருந்தது. அப்பா கொடுத்தது, இன்னும் கட்டவில்லை. நியாயமான காரியத்துக்கு நியாயமான பணம் என்று தோன்றியது. ஊர்க் கவுண்டர் முன்னால் முறத்தில் வெற்றிலை வைத்து, அதன்மேல் வைத்தேன்.

"குடுக்கறது யாரு?" என்று கவுண்டர் கேட்டார்.

"நான்தாங்க."

"அப்பக் குடுத்தவரு கையெப் புடிச்சிக்கிட்டுப் போவட்டும்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். ஒரு கிழவி என் நெற்றியில் மஞ்சளைத் தேய்த்தாள். எனக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். மலைக்காரர்கள் விருந்தாளியை நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று நினைத்தேன். கவுண்டர் அந்தப் பணத்தை ஆள் மூலம் கிருஷ்ணப்பனுக்கு அனுப்பினார். அவனும் வாங்கிக்கொண்டான். வாங்காவிட்டால் தான் கொடுத்தது பரியமே இல்லை என்று ஆகிவிடும்; போலீசிடம் அவன் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தையின்மேல்தான் நின்றது.

செல்லி ஒரு சின்ன மூட்டையுடன் எனக்குப் பின்னால் இறங்கி வந்தாள். பாதி வழியில், ஓடை தாண்டும் இடத்தில், "சும்மா என் பேரைச் சொல்லியே கூப்பிடு, ஐயா கிய்யா வேண்டாம். நஞ்சப்பன்" என்றேன். நான் சமத்துவக் கட்சி. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதெப்புடிங்க சொல்றது? ஊட்டுக்காரரு பேரெச் சொன்னா ஆயுசு குறையுமில்லீங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது, ஐயா. அந்த மலையில் முந்தினவனுக்குப் பரியத்தைத் திருப்பிக் கொடுக்கிறவன்தான் அவளுக்குப் புதுப் புருஷன். தலையங்கம் எழுதுவதற்கு முன்னால் இதை யாரிடமாவது விசாரித்திருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம்: "இல்லை செல்லி, நான் சாட்சிக்காகக் கொடுத்தேன்" என்று. ஆனால் திங்கட்கிழமை உங்கள் விசாரணை. அவள் திரும்பி மலையேறிவிட்டால்? ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பயணிகள் பங்களாவில் நடந்த விசாரணையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "யார் உன்னைக் கூட்டிப்போனது?" என்று கேட்டதும், "கிருஷ்ணப்பன்" என்று தெளிவாக, ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னாள். அவன் நாற்காலியில் நெளிந்தான். எனக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எந்தக் கதவுக்கு வெளியே பூட்டு, பட்டாளத்துக்காரன் யாரிடம் பணம் தருவான், காய்ச்சல் வந்தவளுக்கு என்ன ஆகும் என்றெல்லாம். குரல் ஒரே சீராக இருந்தது. களை எடுக்கும்போது இருந்த அதே குரல்.

"இப்ப இங்க வர உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டீர்கள்.

"எனக்கென்னங்க பயம்? எங்க ஊட்டுக்காரரு இருக்காருங்க."

"யாரு? பேரு சொல்லும்மா" என்றார் குமாஸ்தா. சொல்லவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினாள். குமாஸ்தா சிரித்தார், வக்கீல் சிரித்தார், வாசலில் நின்ற சேவகன்கூடச் சிரித்தான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கிருஷ்ணப்பனின் வக்கீல் ஒன்று செய்தாரே, அதற்காகவே அவருக்கு நான் தனி இதழ் போட்டிருப்பேன். வரியைக் குறைக்கிறேன் என்று எழுந்து, "என் கட்சிக்காரர் ஒவ்வொரு பெண்ணுக்கும் பரியம் கொடுத்திருக்கிறார். அதைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ள வேண்டும்" என்றார். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தொழில்னு ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டீர்கள். இத்தனை வருஷம் பொண்டாட்டிகளாக இருந்தவர்கள் ஒரே வாக்கியத்தில் சரக்காகிவிட்டார்கள். போலீசாரால் முடியாததை அவன் வக்கீலே முடித்துக் கொடுத்தார். பொய்க் கணக்கு வழக்கு தர்மபுரி கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே செல்லி இன்னொரு முறை சொன்னால் கிருஷ்ணப்பன் ஜெயிலுக்குப் போவான், அந்த இரண்டு வீடுகளின் கதவுகளும் திறக்கும். உள்ளே இன்னும் பல பேர் இருந்தார்கள்.

கோர்ட்டுத் தேதி வர மாசக்கணக்கானது. பரீட்சைக் கட்டணம் கட்டாததால் நானும் விடுதிக்குத் திரும்பவில்லை. அதுவரை செல்லியை எங்கே வைப்பது? மண்டியில் புளிக்குக் கொட்டை எடுக்கும் பெண்களோடு சேர்த்துவிட்டேன். மண்டிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் படுத்துக்கொண்டாள். என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நான் சாப்பிட்டாயிற்றா என்று மட்டும் மற்றவர்களிடம் விசாரித்துக்கொள்வாள். சாப்பிட்டாயிற்று என்று தெரிந்த பிறகுதான் தன் களியை எடுப்பாளாம். இதைச் சொன்னவள் குள்ளம்மாள், கொட்டை எடுக்கும் கூட்டத்தில் வாய்க்காரி. "சின்ன மொதலாளி, நீங்க இன்னிக்குப் பொழுதோட தின்னுடுங்க. உங்க பொண்டாட்டி பட்டினி கெடக்கறா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்வாள்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பாலக்கோட்டில் எனக்குப் பேசிவைத்திருந்த இடம் கைநழுவியது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். விடுதியிலிருந்து ஒரு தபால் வந்தது. என் பத்திரிகையின் புது இதழ். என் எழுத்தையே பின்பற்றி, என் தலையங்கத்தின் கீழேயே எனக்குக் கலியாணப் பத்திரிகை போட்டிருந்தார்கள். மிக நன்றாக எழுதியிருந்தார்கள். நானே திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. ஆகவே அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

என்னைப் பார்த்து ஊர் சிரிக்கலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை, ஐயா. சிரிப்பை நான் கொடுக்கிற பக்கமாகவே இருந்தேன்.

தேதிக்கு முந்தின வாரம் கிருஷ்ணப்பன் மண்டிக்கு வந்தான். மிரட்டவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து, புளியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தான். "நல்ல சரக்கு" என்றான். பிறகு வெற்றிலையை விரித்து அதன்மேல் பணத்தை வைத்தான்.

"படிக்கிற புள்ள ஏனுங்க தம்பி நஷ்டப்படோணும்? இது அவங்க வழக்கம்தானே. நீங்க எனக்குத் திருப்புனீங்க, நான் உங்களுக்குத் திருப்பறேன். பரீட்சைக்குக் கட்டிப்போடுங்க. ஊரும் வாயெ மூடும்."

"அவ வரமாட்டா" என்றேன்.

"நீங்க சொன்னா வருவா" என்றான்.

அவன் சொன்னது சரி. நான் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். செல்லி மலைவழக்கத்தை நம்புகிறவள். அந்த வழக்கப்படி எல்லாம் முறையாக நடந்தால் அதில் நான் குறுக்கே நிற்பது சரியல்ல என்று பட்டது.

போன திங்கட்கிழமை விடிந்ததும் அவளைத் தர்மபுரி பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து அழுந்த வாரியிருந்தாள். குள்ளம்மாளிடம் ஒரு நல்ல சேலையை இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள். யுத்தக்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிப் புகையால் ஓடும் வண்டி, கிளம்ப நேரமாயிற்று. டிரைவர் பின்னால் நின்று கரியடுப்பின் விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"கோர்ட்டுக்குத்தானுங்களே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"போன தடவெ காய்ச்சக்காரிங்க பேரெச் சொல்ல மறந்துட்டேனுங்க. இந்தத் தடவெ சொல்லிப்போடறேன். நீங்க ஏறலீங்களா?"

"பின்னாடி வண்டியில வர்றேன்."

நீங்கள் கோர்ட்டு வாசலில் மத்தியானம் வரை காத்திருந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். கிருஷ்ணப்பனுக்காக அவன் வக்கீல் மட்டும் வந்து நின்றாராம்; சாட்சி வரவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்களாம். அந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, அதே மத்தியானம் அவனும் அவளும் ஓசூர் தாண்டியிருப்பார்கள். அவள் இருக்கும் இடம் உங்களுக்கே தெரியும்; அவளே விசாரணையில் வழி சொல்லியிருக்கிறாள், கதவு உட்பட.

என் பேரில் ஒரு குற்றமும் நிற்காது என்று நினைக்கிறேன். கிருஷ்ணப்பனைப்போல நான் எதையும் மறைக்கவில்லை. கொடுத்த தொகையே திரும்பி வந்தது, ஒரு காசு கூடுதல் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் வருமானம் இல்லை. வருமானம் இல்லாத இடத்தில் உங்கள் சட்டத்துக்கு வேலை இல்லை. பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. வண்டி நகர்ந்தபோது அவள் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்து, "நஞ்சப்பன்" என்றாள். கிருஷ்ணப்பன் என்று அன்றைக்குச் சொன்னாளே, அதே தெளிவு.

பெயரைத்தான் சொன்னாள், ஐயா. திட்டவில்லை. ஆகவே என்மேல் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்திருக்காது. அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.