கடைக்குள் இருந்த நாற்காலிகள்

பெயர் இசக்கிச்செல்வி, வயது 44, கணவர் பெயர் லிங்கேஸ்வரன், குத்துக்கல்வலசையில் குடியிருக்கிறேன். பி.ஏ. படித்திருக்கிறேன். குற்றாலத்தில் சீசனுக்கு அறைகள் வாடகைக்கு விட்டு வருகிறோம். என் அண்ணன் சுந்தரபாண்டி, டீக்கடைக்காரர் பாலம்மாள் மீது கொடுத்த புகார் தொடர்பாக, தென்காசி மருத்துவமனையில் வைத்து விசாரித்தபோது நான் சொன்னது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, இடுப்பெலும்பு முறிந்து இங்கே படுத்திருக்கும் என் மதினி, அதாவது அண்ணன் மனைவி முத்துலட்சுமியின் சேலையை அலசிப் போட்டேன். சிமெண்டுத் தூள் முழுவதும் போகவில்லை. அதன் பிறகு விசாரணைக்கு வந்தேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன், மதினி, நான் மூவரும் திருச்செந்தூர் போய்விட்டு, அதற்குத் தெற்கே வெள்ளமணல் கடற்கரைக்குப் போனோம். கல்யாணமான புதிதில் அங்கே மணலில் வெகுதூரம் நடந்ததாகச் சொல்லி மதினி ஆசைப்பட்டார். இப்போது மணல் இல்லை. கடல் மேலேறி வந்து, சுற்றுலாவுக்குக் கட்டிய சிமெண்டு மேடையில் அலை மோதிக்கொண்டிருந்தது. பக்கத்து விடுதி பூட்டிக் கிடந்தது. பாலம்மாளின் கடை மட்டும் இருந்தது. கடல் நெருங்க நெருங்கக் கடையை மூன்று முறை பின்னால் தள்ளிப் போட்டதாக அவர் சொன்னார். நாங்கள் குற்றாலம் பக்கம் என்று சொன்னதும், "மண்ணு இருந்தாத்தானே பிள்ளையெல்லாம் வெளையாடும். இப்ப காரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிருதாவ. ஒங்களுக்காவது மழை பெஞ்சா அருவி வந்துரும்" என்றார். அருவி விழாத வருஷம் எங்கள் அறைகள் பூட்டிக் கிடந்ததை நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மதினி முகம் கழுவக் கடையின் பின்பக்கம் போயிருந்த நேரத்தில், அண்ணன் கடைக்குள் இருந்த இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் மேடை விளிம்பில் போட்டார். பாலம்மாள், "அண்ணாச்சி, அங்கன வேண்டாம், உள்ளயே இருங்க" என்றார். அதற்கு அண்ணன், "யக்கா, குத்தாலத்துக்காரனுக்கே தண்ணியப் பத்திப் பாடம் எடுக்கியளா? கலங்கி வந்தாத்தான் ஓடணும். இது கண்ணாடி கணக்கால்லா கெடக்கு" என்று சிரித்தார். எங்கள் ஊரில் அருவித் தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தால் வெள்ளம் என்று விலகிவிடுவோம். கடலைப் பார்த்து நானும் அப்படித்தான் நினைத்தேன், தடுக்கவில்லை.

அதன் பிறகு மதினி வந்து உட்கார்ந்தார். அண்ணன் டீ வாங்கத் திரும்பினார். மேடைக்கு அடியில் இருந்த மண்ணைக் கடல் அரித்துவிட்டது எங்களுக்குத் தெரியாது. விளிம்பு உடைந்து, மதினி நாற்காலியோடு கீழே பாறைகளில் விழுந்தார். பாலம்மாள்தான் முதலில் பாறைகளுக்கு இடையே இறங்கி, மதினியின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருந்தார்.

அதன் பிறகு மருத்துவமனையில் வைத்து அண்ணன் என்னிடம், "ஏட்டி, நாற்காலிய அந்தக் கடைக்காரிதான் போட்டான்னு சொல்லு. நான் போட்டேன்னு தெரிஞ்சா ஒங்க மதினி என் மூஞ்சிலயே முழிக்க மாட்டா" என்று அழுதார். அவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மதினியும் கடைக்காரர்தான் போட்டார் என்று நம்புகிறார். புகாருக்குப் பின் பாலம்மாள் கடை திறக்கக்கூடாது என்று போலீசார் சொல்லியிருப்பதாக அறிகிறேன். நாற்காலிகளைப் போட்டது பாலம்மாள் இல்லை, என் அண்ணன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கையெழுத்திடும் முன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். காவல் நிலையத்திலிருந்து தெரியவருவதற்கு முன், இன்றைக்கே மதினியின் கட்டிலருகே உட்கார்ந்து, அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானே அவரிடம் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன். இதை என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
லி. இசக்கிச்செல்வி