டீனாவின் அம்மாவுக்கு ஒரு கல்லறை

சகலருக்கும் தெரிவிக்கப்படும் மாபெரும் செய்தி: எங்கள் பெண் பிள்ளைகள் இல்லத்தில் இந்த வருஷமும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்பழம் ஊறப்போட்டாயிற்று. நீங்கள் கேட்டது வேறு, இன்ஸ்பெக்டர் சார். வருகிறேன்.

நான் ஃப்ளோரா, ராபர்ட்சன்பேட்டையில் அந்த இல்லத்தின் வார்டன். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் புரவலர்கள் வரும்போது ஒரு பெண் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் வழக்கம்: எனக்கு யாருமில்லை, இந்த இல்லமே எல்லாம் என்று. தலைவர் ஹரோல்ட் ஐயா கைக்குட்டையை எடுப்பார். அவர் எடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். அழுது முடித்தால்தான் பெரியவர்களுக்குப் பிரியாணி இறங்கும்.

எங்கள் பிள்ளைகளில் டீனாவின் குரல் சாட்சி நடுவில் உடைந்து, தானே ஒட்டிக்கொள்ளும். அப்படி யாருக்கும் வராது. அப்பாவும் இல்லை. குறை ஒன்றுதான்: அம்மா ரெபேக்கா பெங்களூரில் தையல் வேலை பார்த்துக்கொண்டு உயிரோடு இருந்தாள். வீடு கிடைத்ததும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி விட்டுப்போனவள்.

அதனால் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று டீனாவிடம் சொன்னேன். மகளை மைசூரில் ஓர் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள், உன்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் மேடம்?" என்று ரெபேக்கா இல்லத்தின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீ கொடுத்து அனுப்பினேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

"எங்கம்மாவ எங்க பொதச்சாங்க ஆன்ட்டி?" என்றாள் டீனா. நியாயமான கேள்வி. அவள் அப்பாவைப் புதைத்த கல்லறைத் தோட்டத்திலேயே, பெயர் தேய்ந்த ஒரு கல்லறையைக் காட்டினேன். கல்லறைத் திருநாள்தோறும் அதைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவாள். அன்று ரெபேக்கா வரும் பெங்களூர் ரயிலுக்கு முன்பே அவளைக் கூட்டிவந்துவிடுவேன். டிசம்பரில் பிரமாதமாகச் சாட்சி சொல்வாள்.

இந்த வருஷம் அவள் பார்வை சரியில்லை. சந்தேகம் வந்த பிள்ளை அழுவதில்லை, கவனிக்கும்.

"அப்பா மேல வெளுத்துப்போன பிளாஸ்டிக் மாலை கெடக்குது ஆன்ட்டி. நான் போடலியே. யாரு போட்டது?"

"சபைக்காரங்க போட்டிருப்பாங்கடி. எழுந்திரு."

"அப்போ அம்மாவுக்கு ஏன் போடல?"

அப்பா கல்லறை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இழுத்தேன், அசையவில்லை. ஊரே பார்க்கிறது, அதற்குமேல் இழுப்பது அழகல்ல. வெயில் ஏறியபோது ரெபேக்கா வந்தாள், கையில் புது பிளாஸ்டிக் மாலையோடு.

டீனா கத்தவில்லை. "நீ செத்துட்டன்னாங்க," என்றாள்.

"நீ மைசூர்ல கீறன்னாங்க," என்றாள் அவள்.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நன்றி என்று ஒரு துளி இல்லை, சார். டீனா சாப்பிட்ட சோறு, படித்த படிப்பு, மேடையில் வாங்கிய கைதட்டல் எதுவும் அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். தாயும் மகளும் சேர்ந்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் விருந்தைத் தள்ளிப்போட முடியாது. இல்லத்தில் இன்னொரு பிள்ளை ராதிகாவுக்கும் குரல் சுமாராக உடைகிறது. அவள் அப்பா இறந்த சேதியை, நீங்கள் என்னைக் கூட்டிவருவதற்குச் சற்று முன்புதான் அவளிடம் சொன்னேன்.

அவர் பங்காருபேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார்.