கைராசி

மண்ணூர்பேட்டையில் காய்ச்சல் பரவிய வாரம் அது. டைபாய்டு ஊசிக்காகச் சுகாதார நிலையத்தில் நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். விசேஷ வீடுகளில் சமைப்பவளாம் மூத்தவள். அவள்தான் ஆரம்பித்தாள்.

“நான் ஆக்கிப்போட்ட ஊட்ல எல்லாம் காய்ச்சல் வருது. எனக்கு மட்டும் ஒண்ணும் ஆவல பாரேன்.”

இளையவள் திரும்பினாள். “எந்தெந்த ஊடுக்கா?”

“காதுகுத்து ஊடு, கிரகப்பிரவேச ஊடு, அப்பறம் குவார்ட்டர்ஸ்ல அந்தக் கண்ணாலம்.”

“மூணுலயும் நீதான் தயிர்சோறு பிசைஞ்சியா?”

“பின்ன? கரண்டி போட்டா ருசி போய்டும். என் கைராசிக்குத்தான கூப்புட்றாங்க.”

வரிசை ஓரடி நகர்ந்தது. இளையவள் நகரவில்லை.

“போன வருசம் நீ டைபாய்டுல படுத்துகினு இருந்தியே.”

“அது அப்பவே போயிட்ச்சி.”

“ஊட்டாண்ட வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் சொன்னாருக்கா. சில பேருக்குக் காய்ச்சல் வுட்டாலும் கிருமி வயித்துலயே தங்கிக்குமாம். அவங்களுக்கு ஒண்ணும் ஆவாதாம். அவங்க கை பட்டதைத் துன்றவங்களுக்குத்தான் வருமாம்.”

நான் கையிலிருந்த சீட்டைப் படிப்பதுபோல் நின்றேன்.

மூத்தவள் கைகளை முந்தானையில் துடைத்தாள். “இன்னாடி சொல்ல வர்ற?”

“நாளைக்கு என் தங்கச்சி வளைகாப்புக்கு நீ சாப்புட மட்டும் வாக்கா.”



“அப்ப தயிர்சோறு யாரு பிசையறது?”

“கரண்டி கீதுக்கா.”