கூரையன் கீழே பார்ப்பதில்லை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் சார். ஓர் அட்டையை மடித்துச் செருகினால் சரியாகிவிடும். படம் வரைகிறவன் உட்காரும் இடம் ஆடக் கூடாது. வாக்குமூலம் கொடுப்பவனுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

கூரையனை உங்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்திருப்பீர்கள். அவனைப் பெற்றவன் நான்தான். மாடிக்கு மாடி தாவுவான், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குதிப்பான், கீழே மட்டும் பார்க்கமாட்டான். அந்தத் திமிருக்காகத்தான் காமிக்ஸ் விற்றது.

பிறகு ஆளாளுக்கு அவனைத் தத்தெடுத்தார்கள். வானொலி நாடகத்தில் அவன் குதிக்கும்போதெல்லாம் யாரோ ஒரு மணல் மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். தொலைக்காட்சி கார்ட்டூனில் ஒரே ஒரு குதியை வரைந்து வாராவாரம் அதையே ஓட்டினார்கள். பாவம், எந்த ஊருக்குப் போனாலும் அதே பூந்தொட்டிக்குப் பக்கத்தில்தான் இறங்கினான். வீடியோ கேமில் விழுந்து விழுந்து செத்தான், பொத்தானை அமுக்கினால் எழுந்து வந்தான். அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக சினிமா. எனக்கு ஆலோசகர் என்று பெயரெழுதிய நாற்காலி கொடுத்தார்கள். கதாநாயகன் தங்கமான பிள்ளை. "சின்ன வயசுலேர்ந்து உங்க ரசிகன் சார். டூப் வேண்டாம், நானே குதிக்கிறேன்" என்றார். குதிக்கவும் செய்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் கண் ஒருதரம் கீழே போய்விட்டு வந்தது. காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாராம்.

"கண்ணைக் கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம் சார்" என்றார் டைரக்டர். அது எனக்குப் பிடிக்கவில்லை. நடிகரைத் தனியே அழைத்துப் பேசினேன்.

"தம்பி, நீங்க கீழ பாக்காதீங்க. மெத்தைய நான் பாத்துக்கறேன்."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன சார் பயம்?"

நல்ல பதில். பயம் போன பிறகு மெத்தை எதற்கு, நீங்களே சொல்லுங்கள். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது பெட்டிகளையும் மெத்தையையும் வேனுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். கனமே இல்லை.

ஸ்டண்ட் மாஸ்டர் மேலே கேமராவோடு நிற்பார். தடுப்புச்சுவர் மறைப்பதால் அவருக்குக் கீழே தெரியாது. அதனால் குதிக்குமுன் "மெத்தை?" என்று கத்துவார், கீழிருந்து "இருக்கு" என்று குரல் வரவேண்டும். அன்று குரல் கொடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன், கீழே வேறு யாரும் இல்லை. அவர் கேட்டார். இருக்கு என்றேன். பொய்யில்லை சார், வேனுக்குப் பின்னால் இருந்தது.

குதித்தார். கை முதுகுக்குப் பின்னால், பார்வை நேரே. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் பிள்ளையை உயிரோடு பார்த்தேன். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "உங்களக் கடவுளா நெனச்சாரே! இனிமே அவரால நடக்கவே முடியாதாம்!"

அந்தப் பெண்ணின் மனக்கஷ்டம் எனக்குப் புரிகிறது. மெத்தையை எடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நடக்க முடியாததற்கு ஏன் இவ்வளவு அழுகை என்றுதான் தெரியவில்லை. நான் வரைந்த ஒரு படத்தில்கூடக் கூரையன் நடந்ததில்லை, சார்.