அளவுக்கு ஓர் ஆள்

கண்ணாடியை வரைவது லேசுப்பட்ட காரியம் இல்லை, ஐயா. அதற்கென்று சொந்த நிறம் கிடையாது. எதிரே இருக்கும் வானத்தையும் வெயிலையும் வாங்கித்தான் பிழைக்கிறது. அந்த அறுபது மாடிக் கோபுரத்தை எட்டு மாதம் வரைந்தேன். வருங்காலத்திலிருந்து வந்து இறங்கியதுபோல உள்வாங்கி வளைந்த முகப்பு. திறப்பு விழாவுக்கு வரவேற்பறையில் மாட்டவேண்டிய படம். கோபுரத்தை வடிவமைத்தவர் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மேசை மேல வெச்ச தண்ணி பாட்டில்னு சொன்னாலும் நம்பிடுவாங்க. உயரம் வரலையே," என்றார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியதன் பக்கத்தில் ஒரு சின்ன மனிதனை வைத்தால்தான் கண்ணுக்கு அளவு பிடிபடும். என் மனைவியின் தம்பிக்கு அங்கேயே கண்ணாடி துடைக்கும் வேலை. மொட்டைமாடியிலிருந்து தொங்கி, மோட்டாரில் ஏறி இறங்கும் தொட்டியில் நின்றபடி துடைப்பான். விடுமுறை நாளில் அவனை வரச் சொன்னேன். மொட்டைமாடியில் அதன் சுவிட்சைக் கவனிக்கும் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவருடைய வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டேன். மைத்துனன் நல்ல பிள்ளை, ஓர் இடத்தில் நிற்கத்தான் மாட்டான். அவன் தொட்டி நாற்பதாவது மாடிக்கு இறங்கியதும் சுவிட்சை அணைத்தேன். எதிர்க் கட்டடத்தில் அதே உயரத்தில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கே போய்த் தூரிகையை எடுத்தபோது மணி பதினொன்றரை.

"மாமா, தொட்டி நின்னுபோச்சு," என்றான் வாக்கிடாக்கியில்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ளே. கொஞ்சம் பொறு."

வளைந்த கண்ணாடி உச்சி வெயிலை ஒரே இடத்தில் குவிக்கும். எனக்குத் தெரியாதா, எட்டு மாதமாக அந்த வெளிச்சத்தைத்தானே வரைந்தேன். பன்னிரண்டரைக்கு வாளியிலிருந்த சோப்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். சட்டையின் நிறமே மாறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு மணிக்கு மறுபடி கூப்பிட்டான். "மாமா, கம்பியைத் தொட முடியல. அக்காகிட்டயாவது சொல்லுங்க." குரல் கம்மியிருந்தது. அவன் அக்காவே சற்று நேரத்தில் போன் செய்தாள், தம்பி சாப்பிட வரவில்லையே என்று. வேலை முடியவில்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எனக்கு அவன்மேல் பாசம் உண்டு, ஐயா. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பயந்திருப்பான், நாக்கு வறண்டிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் மனசு பிசைகிறது.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை அலட்சியமாக விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு நிமிடம்கூட நான் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மணிவாக்கில் என் ஜன்னலைப் பார்த்து வலது கையைத் தூக்கி ஆட்டினான். படத்துக்கு உயரம் வந்ததே அந்தக் கையால்தான். பிறகு அது மெல்லத் தொங்கிப்போனது. நல்லவேளை, அதற்குள் விரல்வரைக்கும் முடித்துவிட்டேன்.